ஊழலுக்கு எதிராக மக்கள் எழும்பலாமா?



போன மாதம் ஒரு டிவிஷனில் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு முன்னால் தாய்மார் கூட்டம் ஒன்று வைத்தோம். பேச வேண்டிய விஷயம் பிள்ளைகளின் போசாக்கு. கூட்டம் முடிகிற நேரத்தில், கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி எழும்பிக் கேட்டார். "ஐயா, அன்னைக்கு கொழும்புல சனம் எழும்பி சனாதிபதியையே ஓட வச்சிச்சே, அது சரியா, தப்பா? நாமளே ஓட்டுப் போட்டு வச்ச ஆள நாமளே எறக்கலாமா?" அந்த இடத்தில் எங்களுக்குச் சரியான பதில் வரவில்லை. மடலில் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். கட்சி பேசுவதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பாட்டிக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் எழுதுகிறோம்.

முதலில் நமக்குத் தெரிந்த ஒன்றைப் பார்ப்போம். மாரியம்மன் திருவிழாவுக்கு லயம் லயமாக வரி வாங்குகிறோம். காசை ஒருவர் கையில் கொடுக்கிறோம். திருவிழா முடிந்ததும் அவர் கோயில் வாசலில் நின்று கணக்கு வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால், "கணக்கக் காட்டுங்க" என்று கேட்கிறோம். அதை யாரும் கலகம் என்று சொல்வதில்லை. நாட்டுக் காசும் அப்படித்தான். "நாங்க எங்கய்யா வரி கட்டுறோம்?" என்று நம் ஆட்கள் கேட்பார்கள். கடையில் வாங்கும் சவர்க்காரக் கட்டியிலும் 18 வீத வற் வரி இருக்கிறது. 2024 ஜனவரியில் இருந்து அந்த வீதம்தான். ஆகவே பாராளுமன்றத்தில் செலவழிப்பது நம் காசும்தான்.

இனி பாட்டி கேட்ட 2022ஆம் ஆண்டுக்கு வருவோம். நமக்கு அந்தக் கஷ்டம் ஒரு வருடம் முன்னாலேயே தொடங்கிவிட்டது. 2021 மே மாதம் இரசாயன உரத்தை இறக்குமதி செய்யக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. தேயிலை மலையைப் பற்றி மலையில் நிற்கிற எவரிடமும் கேட்கவில்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் செடி வாடிவிட்டது, கொழுந்து குறைந்தது, நிறை வராமல் நாட்சம்பளம் அரை நாளானது. சீனாவிலிருந்து சேதன உரம் என்று ஒரு கப்பல் வந்தது. அதில் கெட்ட கிருமி இருக்கிறது என்று இறக்கவில்லை. இறக்காத அந்த உரத்துக்காக 67 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, மருந்து இல்லை, கோதுமை மாவுக்கும் வரிசை. ரொட்டி சுடாத நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

2022 மார்ச் 31ஆம் திகதி இரவு மிரிஹானையில் சனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் வீட்டுப் பாதையில் சனம் கூடியது. ஏப்ரல் 9ஆம் திகதி காலிமுகத்திடலில் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பாதிரிமார், பிக்குமார், படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். ஏப்ரல் 19 றம்புக்கனையில் பொலிஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். மே 9ஆம் திகதி ஆளும் கட்சி ஆட்கள் வந்து காலிமுகத்திடலில் இருந்தவர்களை அடித்தார்கள். பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ அன்றே பதவி விலகினார். அன்று நாட்டில் பல இடங்களில் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன, நிட்டம்புவையில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் கொல்லப்பட்டார். ஜூலை 9ஆம் திகதி சனாதிபதி மாளிகைக்குள் சனம் நுழைந்தது. ஜூலை 14ஆம் திகதி சிங்கப்பூரிலிருந்து அவருடைய இராஜினாமாக் கடிதம் வந்தது.

இது சரியா, தப்பா? சட்டத்தைப் பார்த்தால், நம் நாட்டில் வாக்களித்தவர்கள் நேராக ஒரு சனாதிபதியை இறக்க வழி கிடையாது. பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், உயர் நீதிமன்ற விசாரணையும் வேண்டும். ஆனால் அமைதியாகக் கூடுவதற்கும் பேசுவதற்கும் அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை நமக்கு உரிமை தருகிறது. கூடாரம் போட்டு "கணக்குக் காட்டு" என்று உட்கார்ந்தது சரிதான் என்பது எங்கள் எண்ணம். வீட்டை எரித்ததும் ஆளைக் கொன்றதும் தப்பு. அதில் எங்களுக்கு இரண்டு பேச்சு இல்லை. வீடு எரிகிற சத்தத்தைக் கேட்டவர்கள் நம் லயங்களிலும் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சனம் எழும்பியதால் ஆள் போனார், கணக்கு வரவில்லை. ஜூலை 20ஆம் திகதி அதே பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவைச் சனாதிபதியாக்கியது. இரண்டு நாளில், விடியுமுன் படையினர் வந்து கூடாரங்களைப் பிரித்தார்கள்.

கணக்கில் ஒரு பக்கமாவது வந்தது வேறு வழியில். ஒரு சிலர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் நாட்டுக்காக நீச்சல் போட்டிகளில் கலந்துகொண்டவர், சிலர் பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பவர்கள். 2023 நவம்பர் 14ஆம் திகதி, ஐந்து நீதியரசர்களில் நாலு பேர் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். முன்னாள் சனாதிபதியும், அவருடைய சகோதரர்கள் இருவரும், பணத்தைப் பார்த்துக்கொண்ட பெரிய அதிகாரிகளும் மக்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பை மீறிவிட்டார்கள் என்பது அந்தத் தீர்ப்பு. திருடினார்கள் என்று நீதிமன்றம் சொல்லவில்லை, அதைக் கவனிக்க வேண்டும். வழக்குப் போட்டவர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. "அவ்வளவுதானா?" என்று எங்களுக்கும் கோபம் வந்தது. ஆனாலும் பெயர் சொல்லி எழுதிய காகிதம் இருக்கிறது. கூடாரத்தைப் பிரித்த மாதிரி அதைப் பிரிக்க முடியாது.

நம் மக்களுக்கு இது புதுப் பாடமும் அல்ல. 1947 தேர்தலில் நம்மவர் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948இல் பிரஜாவுரிமையும் அடுத்த வருடம் வாக்கும் பறிபோயின. 1986 ஜனவரியில் தோட்டம் தோட்டமாகக் காலையில் மலைக்குப் போகாமல் பிரார்த்தனையில் உட்கார்ந்தோம்.  அந்த வருடமே நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது. அந்தப் பிரார்த்தனையில் உட்கார்ந்தவர்கள் இன்றும் உங்கள் லயத்தில் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

இனி எங்களைப் பற்றி ஒன்று. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தாய், மகளின் அடையாள அட்டைக்காகப் பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுக்க ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தார். மூன்றாம் முறை அங்கே ஒருவர் "தேத்தண்ணிக்கு" என்று 1,000 ரூபாய் கேட்டிருக்கிறார். எங்களிடம் வந்து, "என்னங்கய்யா செய்ய?" என்றார். மகளுக்குச் சாதாரணதரப் பரீட்சை கிட்ட வந்திருந்தது. "குடுத்துட்டு வேலைய முடிச்சிக்கங்கம்மா" என்று சொன்னோம். சீட்டுக்காசில் எடுத்துக் கொடுத்தார், பிரதி கிடைத்தது. அடுத்த வருடம் அதே தோட்டத்திலிருந்து போனவரிடம் 1,500 கேட்டார்கள். அந்த விலையை ஏற்றி வைத்ததில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. கொழும்பில் எழும்பிய சனத்தைப் பார்த்துக் கைதட்டிய நாங்கள், பக்கத்து அலுவலகத்தில் ஒரு கேள்வி கேட்கப் பயந்தோம். இலஞ்சம் வாங்குகிறவர் மட்டுமல்ல, கொடுக்கிறவரும் சட்டத்துக்கு முன் குற்றவாளிதான் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. இப்போது 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருக்கிறது. யாராவது காசு கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்குப் போன் எடுக்கலாம்.

அதைவிட நம் கைக்கு எட்டுகிற ஒன்று, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரதேச சபை, பிரதேச செயலகம், அமைச்சு என்று எந்த அரச அலுவலகத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். "எங்கள் பாதைக்கு எவ்வளவு காசு ஒதுக்கினீர்கள், யாருக்குக் கொந்தராத்துக் கொடுத்தீர்கள்?" என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது அந்த உத்தியோகத்தரின் கடமை. தருவோம், தரமாட்டோம் என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே அலுவலகத்தில் மேன்முறையீட்டுக்கென்று பெயர் குறித்த உத்தியோகத்தரிடம் 14 நாட்களுக்குள் போகலாம், அதற்குப் பிறகு கொழும்பில் உள்ள தகவல் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பிரதேச சபை தோட்டத்துக்குள் வேலை செய்யச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்பது பழைய சாட்டு. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. 2025 மே 6ஆம் திகதி நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள் அங்கே இருக்கிறார்கள்.

தனியாகப் போய்க் கேட்கப் பயமாக இருக்கும். பெயரைக் குறித்து வைத்துக்கொள்வார்கள், அடுத்த முறை வீட்டுப் பட்டியலில் விடுபட்டுவிடுவோம் என்று நினைப்பது வீண் பயம் என்று சொல்ல மாட்டோம். ஆகவே பத்துப் பேராகச் சேர்ந்து போங்கள். கடிதத்தின் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 2022இல் எழும்பியவர்களுக்கும் பலம் கூட்டம்தான். இரண்டு வருடம் கழித்து 2024 செப்டம்பரிலும் நவம்பரிலும் வாக்குச் சாவடிக்கு முன்னால் வரிசையில் நின்று ஆட்சியை மாற்றியதும் கூட்டம்தான். அப்போது யாருக்கும் ஒரு கீறல்கூட விழ வேண்டியிருக்கவில்லை.

கேள்வி கேட்ட பாட்டியின் டிவிஷனில், லயத்திலிருந்து பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்குப் போகும் பாதை கொங்கிறீட் போடப்பட்டு ஒரே மழையில் பெயர்ந்துவிட்டது. அதற்கு எவ்வளவு செலவானது என்று கேட்டு 23 தாய்மார் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். நாலு பேர் பெருவிரல் அடையாளம் வைத்தார்கள், அதில் முதலாவது பாட்டியுடையது. கடிதம் பிரதேச சபைக்குப் போய்விட்டது. 14 வேலை நாட்கள் இன்னும் முடியவில்லை. பதில் வந்தால் அதையும், வராவிட்டால் மேன்முறையீட்டுக் கடிதத்தையும் அடுத்த மடலில் போடுவோம்.