ஒரு நாள் ஊர்கள் – 14: கமண்டல நதிக்கரையில்

ஆரணிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கல்யாண ஜவுளி எடுக்கத்தான் வருகிறார்கள். காலையில் வேனில் இறங்கி, கடை கடையாக ஏறி, மதியம் சாப்பிட்டுவிட்டு, கட்டைப்பைகளோடு திரும்பிவிடுகிறார்கள். மீதிப் பேர் அரிசி வியாபாரிகள். ஊரைப் பார்க்க என்று வருகிறவர் அநேகமாக யாரும் இல்லை. ஆனால் ஆரணியை நடுவில் வைத்து முப்பது கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால், அதற்குள் ராஜேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பு இருக்கிறது, சம்புவராயர்களின் தலைநகர் இருக்கிறது, கிளைவும் ஹைதர் அலியும் போர் செய்த வயல்கள் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் ஊடே தறியும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வாரம் அந்த வட்டத்துக்குள் ஒரு நாள்.

உடன் வந்தவர் கல்லூரிக் காலத்து நண்பர். ஆரணி நெசவுக் குடும்பத்தில் பிறந்து, வரலாற்று ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்வெட்டும் தெரியும், தறியில் உட்கார்ந்தால் நாடாவும் ஓட்டத் தெரியும். இப்படி ஒருவர் துணைக்குக் கிடைப்பது அபூர்வம்.

"ஆறு மணிக்குள்ள வந்துடு. வெயில் ஏறிட்டா தெருவுல ஒண்ணும் இருக்காது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். போனபோது தெருவை அடைத்துக்கொண்டு பாவு விரித்திருந்தார்கள். மஞ்சள் பட்டு இழைகள் வீதியின் இந்த முனையிலிருந்து நெடுந்தூரம் இழுத்துக் கட்டப்பட்டிருக்க, ஆணும் பெண்ணுமாக நாலைந்து பேர் இருபுறமும் நின்று, ஒட்டிய இழைகளைப் பிரித்து, அறுந்ததை முடிந்துகொண்டே நகர்ந்தார்கள். பால்காரர் வண்டியை விட்டு இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். ஹாரன் அடிக்கவில்லை. பாவு போட்டிருக்கும் தெருவில் அது மரியாதை.

ஒரு பாவில் பெரும்பாலும் மூன்று நான்கு புடவைக்கான நீளம் இருக்கும். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன், பழைய பாவின் மிச்ச நுனியோடு புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பிணைக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி அதைச் செய்துகொண்டிருந்தார். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழையும் புது இழையும் சேர்ந்த இடத்தில் ஒரு திருகு திருகுகிறார், அவ்வளவுதான். முடிச்சு இல்லை, பசை இல்லை. அப்படி ஆயிரக்கணக்கான இழைகள். எங்களோடு பேசிக்கொண்டே இருந்தார், விரல் ஓர் இழையைக்கூடத் தவறவிடவில்லை. "எத்தனை வருஷமா பாட்டி?" என்று கேட்டேன். "வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியே உக்கார வெச்சுட்டாங்க சாமி" என்றார். இந்தப் பிணைப்புக்குக் கிடைக்கும் கூலி, நெசவுக் கூலியைவிடக் குறைவு. புடவையை விரித்துக் காட்டும் கடையில் பாட்டியின் வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் வராது.

அங்கிருந்து கோட்டை. கோட்டை என்றதும் செஞ்சியை நினைத்துக்கொண்டு போகக் கூடாது. அகழியின் தடமும் கொஞ்சம் கற்சுவரும்தான் மிச்சம். உள்ளே கைலாசநாதர் கோயில், அரசு அலுவலகங்கள், 1790-இல் ஆரணியில் இறந்த கர்னல் ராபர்ட் கெல்லியின் நினைவுச் சின்னம். கர்நாடகப் பகுதிக்குச் சிறு வரைபடத் தொகுப்பு ஒன்றை உருவாக்க முனைந்த ராணுவ அதிகாரி அவர். வழி தெரியாமல் படை நடத்திச் சிரமப்பட்டவர்களுக்குத்தான் வரைபடத்தின் அருமை தெரியும்.

ஆரணியில் இரண்டு போர்கள் நடந்திருக்கின்றன. ஆற்காடு முற்றுகையிலிருந்து மீண்ட ராபர்ட் கிளைவ், மராட்டியக் குதிரைப்படையின் துணையோடு, ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபையும் அவரோடு வந்த பிரெஞ்சுப் படையையும் இங்கே தோற்கடித்தது 1751 டிசம்பரில். கிளைவின் படைக்கு முன்னால் இருந்தது நெல்வயல். சேற்றுக்கு நடுவே ஒரு குறுகலான வரப்புப் பாதைதான் வழி. எதிரியின் குதிரையும் பீரங்கியும் அந்தச் சேற்றில் திணறின. அந்த வெற்றியில் பாதியை நம் ஊர் வயல்சேற்றுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டாவது போர் 1782 ஜூன் 2. ஹைதர் அலியின் ஆயுத, உணவுக் கிடங்கு ஆரணிக் கோட்டையில் இருந்தது. அதைக் குறிவைத்து வந்த ஆங்கிலேயத் தளபதி சர் ஐர் கூட்டுக்குக் கோட்டை கிடைக்கவில்லை. ஹைதரும் கூட்டும் மோதிய கடைசிப் போர் அது. அந்த டிசம்பரில் ஹைதர் இறந்தார், அடுத்த ஏப்ரலில் கூட்டும் போய்ச் சேர்ந்தார்.

இந்தப் படைகள் போகும்போதும் வரும்போதும் தெருவில் பாவு போட்டிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? நண்பரைக் கேட்டேன். "என்ன செய்வான், சுருட்டி எடுத்துக்கிட்டு ஓடியிருப்பான். திரும்பி வந்து மறுபடி விரிச்சிருப்பான்" என்றார். போர்க்குறிப்புகளில் பீரங்கிகளின் எண்ணிக்கை இருக்கிறது, இது இல்லை.

ஆரணி ஜாகிர் பற்றிக் கொஞ்சம். சிவாஜியின் தந்தை ஷாஜி, பீஜப்பூர்ப் படையோடு தெற்கே வந்தபோது, வேதாஜி பாஸ்கர பந்த் என்பவருக்குக் கொடுத்த நிலப்பகுதி இது. அவர் வழியினர் ஆங்கிலேயர் காலம் முழுவதும் ஜாகிர்தார்களாக இருந்தார்கள். ஊருக்கு வெளியே சத்தியவிஜயநகரத்தில் அவர்களுடைய அரண்மனை சிதிலமாகிக் கிடக்கிறது. ஜன்னல்களில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. எஸ்.வி.நகரம் என்று பேருந்தில் எழுதியிருப்பது இதைத்தான். இதைக் காப்பாற்றிச் சுற்றுவட்டார நெசவுக்கான காட்சிக்கூடமாக ஆக்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று இருவரும் பேசிக்கொண்டே வண்டியைக் கிளப்பினோம்.

படவேட்டுக்கு ஒரு முழு நாள் வேண்டும். சம்புவராயர்கள் ஆண்ட ஊர், விஜயநகர இளவரசன் குமார கம்பணன் மதுரைக்குப் போகும் வழியில் வென்ற ஊர், ரேணுகாம்பாள் இருக்கும் ஊர். ஆரணியை ஒட்டி ஓடும் கமண்டல நாகநதிக்கும் ஜமதக்னி முனிவரின் கமண்டலத்துக்கும் மக்கள் சொல்லும் கதை அங்கேதான் இருக்கிறது. ஆடி மாதம் போனால் கூட்டத்தில் கோயிலைப் பார்க்க முடியாது. மற்ற மாதங்களில் போங்கள்.

நாங்கள் போனது திருமலைக்கு. போளூர்ப் பக்கம், வடமாதிமங்கலத்துக்கு அருகே. திருப்பதி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், இது சமணத் திருமலை. பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் நேமிநாதர் இங்கே சுமார் 16 அடி உயரத்துக்கு நிற்கிறார். சிகாமணிநாதர் என்று ஊரில் சொல்கிறார்கள். குகை அறைகளில் ஓவியங்கள் உண்டு. தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சபையான சமவசரணத்தை வட்ட வட்டமாக வரைந்த காட்சியில் சிவப்பும் மஞ்சளும் இன்னும் தெரிகின்றன. கையால் தொட்டுத் தொட்டுப் போனது போக மிச்சம். ஆரணி, போளூர், வந்தவாசி வட்டாரத்தில் இன்றும் தமிழ்ச் சமணர்கள் வாழ்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சமணர் என்றால் வடநாட்டு வியாபாரி நினைவுதான் வரும். இங்கே தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்த, தமிழ் தவிர வேறு தாய்மொழி அறியாத சமணர்கள் இருக்கிறார்கள்.

முதலாம் ராஜராஜனின் அக்காள் குந்தவை பெயரால் இங்கே ஒரு ஜினாலயம் உண்டு. ராஜராஜனின் 21-ஆம் ஆட்சியாண்டில் குணவீர மாமுனிவன் என்ற சமண முனிவர் ஏரி நீர் வெளியேற ஒரு கலிங்கு கட்டி, அதற்குத் தம் ஆசான் ஒருவரின் பெயரை வைத்ததாகவும் கல்வெட்டு இருக்கிறது. முற்றும் துறந்த முனிவர் ஏரிக் கலிங்கைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்திருந்தது.

திருமலையை உலக வரலாற்றாளர்கள் அறிந்திருப்பது ராஜேந்திர சோழனின் கல்வெட்டுக்காக. 1024-ஐ ஒட்டிய காலம். கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஸ் படித்து, 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் வெளியிட்டார். கங்கைப் படையெடுப்பை விவரிக்கும் மெய்க்கீர்த்தி அது. வனவாசி, கொள்ளிப்பாக்கை, ஈழம், கோசலை, தண்டபுத்தி, வங்காள தேசம், கங்கை என்று ஊரும் நாடுமாக அடுக்கிக்கொண்டே போகும். வங்காளத்தின் பழைய வரலாற்றை எழுதுகிறவர்களும் இந்தக் குன்றின் கல்லைத்தான் சான்று காட்டுகிறார்கள்.

"அத்தனை அடுக்கும் எதுக்குன்னு கடைசில பாரு" என்றார் நண்பர், படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே. கடைசியில் இருப்பது இதுதான்: நன்னப்பயன் என்ற வியாபாரியின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்துக்கு ஒரு நந்தா விளக்கு எரிக்க இருபது காசும், திருவமுதுக்குப் பத்துக் காசும் கொடுத்தாள். மன்னன் வென்ற நாடுகள் எல்லாம் முன்னுரை, முப்பது காசுதான் செய்தி. வரலாற்றுப் பாடத்தில் நாம் அந்த முன்னுரையை மட்டும் மனப்பாடம் செய்தோம். கல் வெட்டுவதற்குக் காரணமாக இருந்தவளின் பெயரைப் பாடநூல் சொல்லவில்லை. நண்பர் வகுப்பு எடுத்த காலமெல்லாம் பாடத்தை இந்தப் பெயரில்தான் தொடங்குவாராம்.

மதியச் சாப்பாட்டில் பேச்சு இத்தாலிக்குப் போனது. நண்பருடைய மருமகள் அங்கே போய் வந்து படங்கள் அனுப்பியிருந்தாள். தென்னித்தாலியில் கசெர்த்தா அரண்மனைக்குப் பக்கத்தில் சான் லெயூச்சோ என்று ஒரு பட்டு ஊர். நேப்பிள்ஸ் மன்னர் நான்காம் பெர்டினாண்ட் அமைத்த நெசவாளர் குடியிருப்பு. 1789-இல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டார். பிள்ளைகளுக்குக் கட்டாயப் படிப்பு, பெண்ணுக்கும் சம சொத்து, திறமையைத் தவிர வேறு உயர்வு தாழ்வு கிடையாது. 1997-இல் யுனெஸ்கோ அரண்மனையோடு அதையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மன்னர் கட்டிய தறிக்கூடம் இன்று அருங்காட்சியகம். பழைய தறிகளைச் சுற்றிக் கயிறு கட்டி, சீட்டு வாங்கிப் பார்க்க வைத்திருக்கிறார்கள். பட்டை உலகத்துக்குக் காட்ட அவர்கள் எடுக்கும் அக்கறை பாராட்டத் தக்கது. ஆனால் இங்கே தறி ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற தறியைப் பார்க்க வருகிறவன் நெய்கிறவனோடு பேசலாம், அவன் கையில் பணம் கொடுத்து வாங்கலாம். நாம் செய்ய வேண்டியதை இப்போதே, தறி நிற்பதற்கு முன்பே செய்தாக வேண்டும்.

மாலை தேவிகாபுரம். போளூர்–சேத்துப்பட்டு சாலையில் தூரத்திலிருந்தே பெரியநாயகி அம்மன் கோயிலின் கோபுரம் தெரியும். சிற்றூருக்குச் சம்பந்தமே இல்லாத அளவில், கோட்டைபோன்ற மதிலோடு விஜயநகரக் காலத்தில் எழுப்பிய கோயில். மலைமேல் கனககிரீஸ்வரர். கிழங்கு தோண்டியவனின் கருவி பட்டு லிங்கத்திலிருந்து ரத்தம் வந்ததாகவும், காயத்துக்கு வெந்நீர் விட்டுக் கழுவியதாகவும் ஐதீகம். அதனால் இங்கே வெந்நீர் அபிஷேகம். அடிபட்டவருக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் வீட்டுப் பழக்கம் சாமிக்கும் உண்டு.

கோயில் சுவரெல்லாம் எழுத்து. விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தறி இறை என்ற வரி நன்றாகப் பழக்கம். தறிக்கு இவ்வளவு என்று கணக்கு. தாங்க முடியாதபோது எதிர்த்தும் இருக்கிறார்கள். 1429-இல் வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவினர் ஒன்றுகூடி அதிகாரிகளின் வசூலை எதிர்த்து எழுந்ததைக் கல்வெட்டுகள் பதிவு செய்திருக்கின்றன. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், காஞ்சிபுரத்து நெசவுச் சமூகத்தாரான கைக்கோளர்களுக்கு இருந்த பல்லக்கு, சங்கு உரிமைகளை மற்ற பகுதிக் கைக்கோளர்களும் பெற்றார்கள். நெய்தவர்கள் வெறும் கூலிக்காரர்களாக இருக்கவில்லை. கோயிலுக்குக் கொடுத்தார்கள், நிலம் வாங்கினார்கள், மரியாதையைக் கேட்டு வாங்கினார்கள்.

கோயிலுக்குப் பின்தெருவில் தறிச்சத்தம். நண்பரின் உறவுக்காரர் வீடு. குழித்தறியில் அரக்கு உடலுக்கு மாம்பழ மஞ்சள் கரை ஏறிக்கொண்டிருந்தது. தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அட்டைகள் ஒவ்வொன்றாகப் புரண்டு விழுகின்றன. ஒரு மிதிக்கு ஒரு அட்டை, ஒரு ஊடை. புட்டா வருகிற இடத்தில் ஜரிகைத் தாரை மாற்றுகிறார். ஒரு இழை அறுந்தது. கை தானாக நின்றது, கண் அச்சுக்குப் போனது, இரண்டு விரலால் இழுத்து முடிந்துவிட்டு மறுபடி மிதித்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எந்த இழை அறுந்தது என்றே தெரியவில்லை.

"பசங்க?" என்று கேட்டேன். "பெரியவன் செய்யாறு சிப்காட்டுல ஷூ கம்பெனிங்க. வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போகுது. மாசம் பொறந்தா சம்பளம். இதுல முதலாளி பாவு குடுத்தாத்தான் வேல" என்றார் அவர் மனைவி, தார் சுற்றிக்கொண்டே. குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் பட்டுப் புடவையைக் கைத்தறிக்கே என்று ஒதுக்கியும் இருக்கிறது. இருந்தும் விசைத்தறியில் நெய்த சேலை கைத்தறி என்ற பெயரில் விற்பதாக நெசவாளர்கள் வருஷக்கணக்கில் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வாங்குகிறவர் கேட்காதவரை இது மாறாது. கடையில் விலை கேட்பதோடு, எந்த ஊர்த் தறி, யார் நெய்தது என்றும் கேளுங்கள். கூட்டுறவுச் சங்கக் கடைகளில் அதற்குப் பதில் சொல்வார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஆரணியிலிருந்து போளூர், சேத்துப்பட்டுப் பக்கம் பேருந்துகள் உண்டு, ஆனால் திருமலையையும் தேவிகாபுரத்தையும் ஒரே நாளில் பார்க்க இருசக்கர வண்டியோ காரோ நல்லது. திருமலைக்கு முற்பகலிலேயே போய்விடுங்கள். தேவிகாபுரம் கோயில் மாலை நான்குக்கு மேல். தறி இருக்கும் வீட்டுக்குள் போவதற்கு முன் வாசலில் நின்று கேளுங்கள், செருப்பை வெளியே விடுங்கள், பாவின் மேல் கை வைக்காதீர்கள். பெரும்பாலும் உள்ளே கூப்பிட்டு மோர் கொடுப்பார்கள்.

அடுத்த வாரம் இதே சாலையில் இன்னும் கிழக்கே: 1760 ஜனவரி 22 அன்று பிரெஞ்சுக்காரர்களின் இந்தியக் கனவு கலைந்த வந்தவாசியும், சமண ஆசாரியர் குந்தகுந்தரின் பாதம் இருக்கும் பொன்னூர் மலையும்.