திருடு போன துப்பாக்கியும் அதன் எண்ணும்

அமெரிக்காவில் ஒருவர் காலையில் காரைத் திறக்கிறார். டேஷ்போர்டு அறை திறந்து கிடக்கிறது. உள்ளே வைத்திருந்த கைத்துப்பாக்கியைக் காணோம். போலீசுக்குப் போன் போடுகிறார். வந்தவர் விசாரித்துக்கொண்டே கேட்கிறார்: “சீரியல் நம்பர் என்ன?” நம்மவர் விழிக்கிறார். புகாருக்குப் பிறகு நடக்கும் எல்லாமே பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்கான பதிலைப் பொறுத்துத்தான் அமையும்.

இந்தியாவில் துப்பாக்கி எண் லைசென்சிலேயே இருக்கும். எனவே, ‘எண் அரசாங்கத்துக்குத் தெரியாதா?’ என்று நமக்குத் தோன்றும். அமெரிக்காவில் துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பதிவேட்டை மத்திய அரசு உருவாக்கக் கூடாது என்று 1986-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வாங்கும்போது நிரப்பிய 4473 என்ற படிவம் கடைக்காரரிடமே இருக்கும். சில மாநிலங்கள் மட்டும் தனியே பதிவு வைத்திருக்கின்றன. மற்ற இடங்களில் எண்ணைத் தேடி எடுப்பது உரிமையாளரின் வேலை. பில்லிலோ துப்பாக்கி வந்த பெட்டியிலோ அது இருக்கும். இரண்டும் இல்லையென்றால் வாங்கிய கடைக்குத்தான் போக வேண்டும்.

எண் கிடைத்ததும், தயாரித்த கம்பெனி, வகை, தோட்டாவின் அளவு ஆகியவற்றோடு எஃப்.பி.ஐ. நடத்தும் தேசியக் குற்றத் தகவல் மையத்தில் போலீஸ் பதிவேற்றுகிறது. 1967 முதல் இயங்கும் இந்தத் தரவுத்தளத்தை நாடு முழுக்க எந்த ஊர் போலீசும் பார்க்கலாம். திருடு போன துப்பாக்கியின் பதிவுக்குக் காலக்கெடு இல்லை. ஆயுதம் கிடைக்கும்வரை அது அங்கேயே இருக்கும். எண் இல்லாவிட்டால் பதிவேற்றவே முடியாது. புகார் அந்த ஊர் ஸ்டேஷனோடு நின்றுவிடும்.

பதிவான பிறகு பெரும்பாலும் காத்திருப்புதான். என்றோ ஒருநாள் வேறொரு மாநிலத்தில் போலீஸ் ஒரு காரை மறிக்கலாம், ஒரு வீட்டைச் சோதனை போடலாம், அடகுக் கடைக் கணக்கைப் பார்க்கலாம். கையில் சிக்கிய துப்பாக்கியின் எண்ணைத் தட்டினால், ‘திருடு போனது’ என்று திரையில் வரும். உடனே புகாரைப் பதிந்த ஊரைத் தொடர்புகொண்டு உறுதிசெய்வார்கள். இரண்டு கம்பெனிகளின் துப்பாக்கிகளுக்கு ஒரே எண் அமைய வாய்ப்பு உண்டு என்பதால், இந்தச் சரிபார்ப்பு அவசியம்.

திருடன் எண்ணை அரத்தால் தேய்த்து அழித்திருந்தால்? எண் அழிக்கப்பட்ட துப்பாக்கியைத் தெரிந்தே வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். அழித்தாலும் எண் முழுதாகப் போய்விடுவதில்லை. அச்சை அழுத்திப் பொறித்தபோது எழுத்துக்குக் கீழே உள்ள உலோகமும் நெரிபட்டிருக்கும். தடயவியல் நிபுணர் அந்த இடத்தை வழவழப்பாக்கி அமிலக் கரைசலைத் தடவுவார். நெரிபட்ட பகுதியும் மற்ற பகுதியும் வேறு வேறு விதமாக அரிபடும். ஆழமாகத் தேய்க்காமல் இருந்தால், வெறும் இரும்பாகத் தெரிந்த இடத்தில் இலக்கங்கள் மங்கலாக எழுந்து வரும்.

குற்றம் நடந்த இடத்தில் அந்தத் துப்பாக்கி கிடைத்தால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள தேசியத் தடமறியும் மையத்துக்குக் கோரிக்கை போகும். மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் துறையின் கீழ் இயங்குகிறது இந்த மையம். தயாரித்தவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று ஒவ்வொரு படியாக விசாரித்து, முதலில் வாங்கியவரிடம் வந்து சேர்வார்கள். அவர் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டும். ‘அது அன்றே திருடு போய்விட்டது’ என்று அவர் சொல்வதற்கு அத்தாட்சியாக நிற்பது தேதியிட்ட அந்தப் புகார்தான்.

கிடைத்தாலும் கைக்கு உடனே வராது. வழக்கு முடியும்வரை அது சாட்சிப் பொருள். அதன் பிறகும், உரிமையாளர் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறதா என்று பார்த்துவிட்டே கொடுப்பார்கள். இன்சூரன்ஸ் பணத்தை ஏற்கெனவே வாங்கியிருந்தால், துப்பாக்கி அந்த நிறுவனத்துக்குச் சேரலாம்.

2017 முதல் 2021 வரை தனியாரிடமிருந்து திருடு போனதாகப் புகாரானவை மட்டுமே 10 லட்சத்தைத் தாண்டும். உரிமம் பெற்ற வியாபாரி, திருட்டு தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும். தனியாருக்கு அப்படி ஒரு மத்தியச் சட்டம் இல்லை. நியூயார்க் போன்ற சில மாநிலங்களே கட்டாயமாக்கியுள்ளன. எனவே, சொல்லாமலே விடப்பட்ட திருட்டுகள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. அப்படி விடப்பட்ட ஒரு துப்பாக்கியைப் போலீஸ் கையில் பிடித்துப் பார்த்தாலும், திருட்டுப் பொருள் என்று திரை சொல்லாது. அது நாளை ஓர் உயிரை எடுக்கக்கூடிய பொருள் என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

அங்கே துப்பாக்கி வைத்திருக்கும் நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். இரவில் அதைக் காரில் விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டில் பூட்டி வையுங்கள். உடற்பகுதியில் பொறித்துள்ள எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி, துப்பாக்கி இருக்கும் இடத்தில் இல்லாமல் வேறோர் இடத்தில் பத்திரப்படுத்துங்கள். போலீஸ் அந்தக் கேள்வியைக் கேட்கும் நாளில், பதில் உங்களிடம் தயாராக இருக்கட்டும்.