சாதுவான ராணி

ஏற்காட்டிலிருந்து குப்பனூர்ப் பக்கம் இறங்கும் சாலையில் இருக்கிறது கொட்டச்சேடு. சுற்றிலும் காப்பித் தோட்டம். நிழலுக்கு சில்வர் ஓக், அதைப் பற்றி ஏறிய மிளகுக் கொடி. இம்மாதிரி ஊர்களில் பழம் பறிக்கப் போகிறவர்கள், செடிக்குள் கை விடுமுன் குளவிக்கூடு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது. கொட்டு வாங்கியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூட்டுக்குள் ஓடும் குடும்பக் கதைதான் பலருக்குத் தெரியாது.

தென்னிந்தியாவில் பரவலாக உள்ள ஒரு காகிதக் குளவிக்கு ரோபாலிடியா மார்ஜினேட்டா என்று பெயர். மர நாரை மென்று குழைத்துத் திறந்த அறைகளாகக் கூடு கட்டும். முட்டையிடுவது ராணி ஒருத்திதான். வளர்ந்த மகள்களுக்கும் சிறகு உண்டு, சினைப்பை உண்டு; தனியே போய்க் கூடு கட்டவும் முடியும். சிலர் போகிறார்கள். பலர் அங்கேயே தங்கி, இரை தேடி வந்து தங்கைகளை வளர்க்கிறார்கள்.

ஏன்? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கரும் அவர் மாணவர்களும் பல பத்தாண்டுகள் இதைத் துருவினார்கள். குளவிகளின் உடலில் வண்ணப் புள்ளி வைத்து, யார் யாரை விரட்டுகிறார், யார் இரை கொண்டுவருகிறார் என்று குறித்தார்கள். ராணிதான் அதட்டி வேலை வாங்குவாள் என்று நினைப்போம். நெருங்கிய இனமான ரோபாலிடியா சயாத்திஃபார்மிஸின் ராணி அப்படித்தான். மார்ஜினேட்டா ராணியோ பரம சாது. கடிப்பதும் விரட்டுவதும் அபூர்வம்.

அவளை எடுத்துவிட்டால் தெரியும் சங்கதி. சில நிமிடங்களில் மற்றவர்களில் ஒருத்தி சீறத் தொடங்குகிறாள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிட்டு அடுத்த ராணியாகிவிடுகிறாள். பழைய ராணியை உடனே திருப்பி விட்டால் சீற்றம் அடங்கிவிடும். அடக்குவது ஒரு வேதிப்பொருள். ராணி வயிற்று நுனியைக் கூட்டில் தேய்க்கும்போது, கொடுக்கை ஒட்டிய டூஃபோர் சுரப்பியின் கசிவு அங்கே படிகிறது. ராணியில்லாத கூட்டில் அந்தச் சுரப்பியின் சாற்றை வைத்தாலே சீற்றம் தணிந்தது.

இன்னொரு சோதனைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. புதிதாக வெளிவந்த பெண் குளவிகளைத் தனித்தனியே, வேண்டிய உணவோடு விட்டார்கள். ராணியும் இல்லை, அவள் தடமும் இல்லை. அப்படியும் சுமார் பாதிப் பேர்தான் முட்டையிட்டார்கள். புழுப் பருவத்தில் கிடைத்த ஊட்டம் அதில் பெரும்பங்கு வகித்திருக்கிறது.

குளவியிடம் சரி, தப்பு கிடையாது. ராணி எப்போதும் தாயாக இருப்பதுமில்லை, சில சமயம் அக்காளாகவோ சித்தி மகளாகவோ இருப்பாள். ஆனாலும் கை ஓங்காத கட்டுப்பாடு என்பது நம் வீடுகளுக்குப் புதிதா? மகளுக்கு முப்பது வயது. வெளியூரில் வேலை கிடைத்தால் அம்மாவுக்கு மயக்கம் வரும். வரன் வந்தால் குறை தெரியும். “நீ போ கண்ணு, நான் எப்படியோ கெடக்கறேன்.” அவ்வளவுதான், பெட்டி மறுபடி பரண் ஏறிவிடும். ஆளுக்கு ஆள் எல்லை கரைந்துபோன இத்தகைய குடும்பங்களைப் பற்றிக் குடும்ப சிகிச்சை முன்னோடி சால்வடோர் மினுசின் 1974இலேயே எழுதினார். குற்றவுணர்வை ஊட்டியும் பாசத்தைச் சுருக்கியும் பிள்ளையை நடத்துவதை உளவியலாளர்கள் உளவியல் கட்டுப்பாடு என்கிறார்கள். அதைப் பாசம் என்று மட்டும் சொல்லி மூடுவது மகளுக்குச் செய்யும் அநியாயம்.

தாயோ மகளோ, மூச்சு முட்டுவதாக உணர்கிறவர்கள் டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். இரவு பகல் எந்நேரமும், கட்டணம் கிடையாது.