புரைக்குப் பின்னே மறையும் கண் புற்று நோய்

கண்ணில் புரை விழுந்தால் அறுவைச் சிகிச்சை செய்து பார்வை பெறலாம் என்பது இன்று கிராமங்களில் அனைவரும் அறிந்த செய்தி. இலவச முகாம் நடைபெறும் நாள் தெரிந்ததும், பஞ்சாயத்து உறுப்பினர்களே முன்னின்று முதியோரை வண்டியேற்றி அனுப்புகின்றனர். இது போற்றத்தக்க தொண்டு. ஆயினும், வெண்புரை படர்ந்த கண் யாவும் வெறும் புரைக் கண் அல்ல. மிகச் சிலருக்கு அதன் பின்னே மெலனோமா என்னும் புற்று நோய் வளர்ந்திருக்கக் கூடும்.

தோலுக்கு நிறம் தரும் உயிரணுக்கள் கண்ணுக்குள்ளும் உள்ளன. விழித்திரைக்கு அடியிலுள்ள கரும்படலத்தில் அவை மிகுதி. இந்நோய் பத்தில் ஒன்பது பங்கு அங்கேதான் தோன்றுகிறது. வெள்ளையர் நாடுகளில் ஆண்டுதோறும் பத்து லட்சம் பேரில் சுமார் 5 பேருக்கு இது வருகிறது. நம் நாட்டில் இதனினும் மிகக் குறைவு. ஆனால் மேனாட்டில் 60 வயதையொட்டிக் காணும் இந்நோய், நம்மவர்க்கு நடுத்தர வயதிலேயே வருவதுண்டு.

வெளிர் நிறத் தோலும் நீல விழியும் உடையோர்க்கு அபாயம் மிகுதி. நமக்கு முக்கியமானது வேறொன்று. சிலருக்குப் பிறவியிலோ இளமையிலோ ஒரு பக்கத்துக் கண்ணைச் சுற்றிய தோலில் நீலங்கலந்த கறை படர்ந்து, விழியின் வெண்பகுதியிலும் சாம்பல் நிறத் திட்டு தென்படும். ஜப்பானிய மருத்துவர் ஓட்டா 1939-ல் இதனை விவரித்தார். அதிர்ஷ்ட மச்சம் என்று வீட்டார் விட்டுவிடுவர். இவ்வித மச்சம் கண்ணையும் பற்றிய வெள்ளையரில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகின்றனர். ஆசிய மக்களிடையே அபாயம் அத்துணை இல்லை. எனினும் இம்மச்சமுடையோர் ஆண்டுக்கொரு முறை கண்ணைப் பரிசோதித்துக்கொள்வது நலம். வயல் வெயிலே காரணமோ எனின், அது திண்ணமாக நிறுவப்படவில்லை. வெல்டிங் ஒளியில் நெடுநாள் பணிபுரிவோர்க்கு இந்நோய் சற்று மிகுதி என ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆதலால் பட்டறைகளில் முகக் கவசம் அவசியம்.

பார்வை மங்கல், ஒளிக் கீற்றுகள், ஓரத்தில் நிழல் ஆகியன வழக்கமான அறிகுறிகள். பலருக்கு அவையும் இரா. வலியில்லாத நோயை நம் மக்கள் நோயாகவே கருதுவதில்லை என்பதுதான் பெருந்தொல்லை. சில சமயங்களில் நோய் மாறுவேடம் பூண்டும் வரும். கட்டி கண்வில்லையை அழுத்தினால், மற்றொரு கண் தெளிவாயிருக்க, ஒரு கண்ணில் மட்டும் புரை விழும். கண்ணின் அழுத்தம் ஏறிச் சிவப்பும் கடும் வலியும் உண்டாகலாம். கட்டியின் உட்பகுதி அழுகினால் இமையெல்லாம் வீங்கி, கிருமியால் வந்த வீக்கம் போலவே தோன்றும். வெண்விழியின் ஒரே இடத்தில் இரத்தக் குழாய் புடைத்து நிற்பதும் உண்டு. பார்வை போய் நெடுங்காலமான கண்ணில் புதிதாக வலி எழுந்தாலும் ஐயுற வேண்டும்.

புரை முற்றிய கண்ணில் டாக்டரின் விளக்கொளி உள்ளே செல்லாது. அத்தகைய கண்ணை அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்தால் சில நிமிடங்களில் கட்டி உண்டா என்பது புலப்படும். வலியும் இல்லை. முகாமிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் உறுப்பினர், "உள்ளே பார்க்க முடியாத கண்களுக்கு இப்பரிசோதனை நடந்ததா?" என்று கேட்டறிவதில் தவறில்லை. கட்டியிருப்பது அறியாமல் கண்ணைத் திறந்தால், நோய் கண்ணுக்கு வெளியே பரவ வழியாகும்.

கண்ணை எடுத்துவிடுவர் என்றஞ்சிப் பலர் ஒளிந்துகொள்கின்றனர். நடுத்தர அளவுள்ள கட்டிக்குக் கதிரியக்கத் தகட்டைக் கண்ணின் வெளிப்புறம் சில நாள் தைத்து வைத்தாலும், கண்ணையே எடுத்தாலும் ஆயுளில் வேறுபாடில்லை என 2001-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது. இத்தகைய ருத்தேனியத் தகட்டை நம் பாபா அணு ஆராய்ச்சி நிலையமும் தயாரித்துள்ளது. பெரிய கட்டியாயின் கண்ணை எடுப்பதே பெரும்பாலும் வழி. இந்நோய் இரத்தத்தின் வழியே பெரும்பாலும் கல்லீரலுக்குப் பரவுவதால், சிகிச்சை முடிந்தோரும் டாக்டர் குறிக்கும் தவணைகளில் கல்லீரலைப் பல ஆண்டுகள் பரிசோதித்து வருதல் வேண்டும்.