கண்ணுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

வேப்பந்தட்டைப் பக்கம் முப்பது வயசுப் பெண் ஒருத்தருக்கு ஒரு கண் மங்குகிறது, அசைத்தால் வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரம்பலூரில் கண் டாக்டரைப் பார்க்கிறார். சில வாரத்தில் சரியாகிறது. ஒன்றரை வருஷம் கழித்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிறது. இந்தத் தடவை அரியலூரில் வேறு டாக்டர். பழைய கண் விஷயத்தை இவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கண்ணுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்னு யாருக்குத் தோணும்?

சம்பந்தம் இருக்கலாம். மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு மூன்றிலும் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை உண்டு, கரண்ட் வயர் மேல் இருக்கும் ரப்பர் மாதிரி. உடம்பின் எதிர்ப்பு சக்தியே அந்த உறையைத் தாக்குவதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். சுருக்கமா எம்.எஸ்.

இதை உறுதியாகச் சொல்லும் ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. 2001-இல் வந்த மெக்டொனால்ட் வரையறை டாக்டரை இரண்டு விஷயம் தேடச் சொன்னது: பாதிப்பு ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கிறதா, வெவ்வேறு காலத்தில் வந்ததா. இடத்தை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். காலம்தான் கஷ்டம். அதற்கு எனக்குப் பிடித்த உபாயம் ஒன்று இருக்கு. காடோலினியம் என்ற மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றி ஸ்கேன் எடுத்தால் புதுப் புண் பளிச்சென்று தெரியும், பழையது அப்படித் தெரியாது. ஒரே படத்தில் இரண்டும் இருந்தால் நோய் ஒரே நாளில் வந்ததில்லை என்று அர்த்தம். 2017 திருத்தத்துக்குப் பிறகு, முதுகுத் தண்டு நீரில் ஆலிகோகுளோனல் பட்டைகள் தெரிந்தாலும் அதைக் காலத்துக்கான சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்றானது. (முதுகுல ஊசி போட்டா கால் விளங்காம போயிடும்னு ஊரில் ஒரு பயம் உண்டு. அந்த ஊசி இறங்குவதே தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான்.) 2024 திருத்தம் பார்வை நரம்பையும் இடக்கணக்கில் சேர்த்துவிட்டது.

ஸ்கேனில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலே எம்.எஸ். என்று பயப்பட வேண்டாம். பிரஷர், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் அப்படி வரும். பி12 குறைந்தாலும் கால் மரக்கும். டாக்டர் இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வரவேண்டும்.

கழிக்கவேண்டியதில் முக்கியமானது நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. இதுவும் கண்ணையும் தண்டுவடத்தையும்தான் பிடிக்கும். மேலே சொன்ன பெண்ணுக்கு இதுவாகவே இருக்கலாம். எம்.எஸ்.ஸின் ஒரு வகை என்றே ரொம்ப நாள் நினைத்தார்கள். 2004-இல் இதற்கான ஆன்டிபாடியைக் கண்டுபிடித்த பிறகுதான் தனி நோய் என்று தெளிவாச்சு. எம்.எஸ்.ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான் பீட்டா இந்த நோயை இன்னும் மோசமாக்கும். அதனால் பெயரை மாற்றி வைத்தால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

அரியலூருக்கு 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்திருக்கு. திருச்சி, தஞ்சாவூர் போகிறவர்களும் உண்டு. எங்கே போனாலும் நரம்பு டாக்டர் கேட்பது, "இதுக்கு முன்னாடி என்ன வந்துச்சு, எப்போ?" கண் டாக்டர் எழுதின பழைய சீட்டு வீட்டில் இருந்தால் மஞ்சப்பையில் போட்டு எடுத்துட்டுப் போங்க. அதில் தேதி இருக்கும்.