கடைசி 'கோல்' போட்ட தமிழர்!

மலைக்கு இந்தப் பக்கம் வருசநாடு. அந்தப் பக்கம் கேரளம்.

மழை பெய்தால் மூல வைகையில் தண்ணீர் வரும். தண்ணீர் வற்றினால் மணல்தான். ஒரு பந்தும் அந்த மணலும் கிடைத்துவிட்டால், சிறுவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

"பந்தை உதைத்தால் சோறு கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். பதில் சொல்லுமுன் ஒரு தமிழரின் கதையைக் கேளுங்கள். மலைக்கு இரு பக்கமும் பெருமை சேர்த்தவர் அவர். பெயர், சைமன் சுந்தரராஜ்.

ரோம் நகரில்...

1960-ம் ஆண்டு இத்தாலி நாட்டில், ரோம் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. இந்தியக் கால்பந்துக் குழுவும் போயிற்று. பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த ரஹீம். குழுத் தலைவர் பி.கே. பானர்ஜி. கோல் காப்பவர் பீட்டர் தங்கராஜ். எதிரியின் கோலைத் தாக்கும் முன்வரிசையில் சைமனும் இருந்தார்.

முதல் ஆட்டம் ஹங்கேரியுடன். 2-1 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. இது சாதாரணத் தோல்வி அல்ல. அந்த ஹங்கேரிதான் பிறகு வெண்கலப் பதக்கம் வாங்கியது!

இரண்டாவது ஆட்டம் பிரான்சுடன். ஆளுக்கு ஒரு கோல். வெற்றி தோல்வி இல்லை.

மூன்றாவது ஆட்டம் பெரு நாட்டுடன். செப்டம்பர் 1-ந்தேதி நடந்தது. பெரு 3 கோல் போட்டுவிட்டது. இந்தியா ஒன்றுகூடப் போடவில்லை. ஆட்டம் 90 நிமிடம். அதில் 87 நிமிடம் ஓடிவிட்டது.

இனி என்ன இருக்கிறது?

88-வது நிமிடம். சைமன் பந்தை வலைக்குள் அனுப்பினார். கோல்!

ஆட்டம் 3-1 என்று முடிந்தது. இந்தியா ஊர் திரும்பியது.

தோற்ற ஆட்டத்தில் விழுந்த கோல். அதை யார் பெரிதாக நினைப்பார்கள்?

ஆனால் காலம் அதைப் பெரிதாக்கிவிட்டது. 1948 முதல் 1960 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் இந்தியா கால்பந்து ஆடியது. 1956-ல் நான்காவது இடம்கூடக் கிடைத்தது. 1960-க்குப் பிறகு ஒரு தடவையாவது உள்ளே நுழைய முடியவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இடம் இல்லை.

ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட கடைசிக் கோல், சைமன் போட்ட அந்தக் கோல்தான்!

மலைக்கு அப்பால்

சைமனின் கதை அதோடு முடியவில்லை. ஆடியவர், ஆடக் கற்றுக்கொடுப்பவர் ஆனார்.

கேரள மாநிலம் 1956-ல் பிறந்தது. மாநிலங்களுக்கு இடையே நடக்கும் சந்தோஷ் கோப்பை அதற்குக் கிடைக்கவே இல்லை. 1973-ல் சைமன் பயிற்சியாளர். டிசம்பர் 27-ந்தேதி, எர்ணாகுளத்தில் இறுதி ஆட்டம். எதிரே ரயில்வே குழு. கேரளத் தலைவர் மணி ஒருவரே மூன்று கோல் போட்டார். கேரளம் 3-2 என்று வென்றது. ஊரே திரண்டு கொண்டாடியது. அரசாங்கம் விடுமுறை விட்டது!

சோறு கிடைக்குமா?

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வருவோம்.

சைமன் ஆடிய காலத்தில், பணத்துக்காக ஆடுகிறவருக்கு ஒலிம்பிக்கில் இடம் கிடையாது. ஆகவே ஆட்டக்காரர்கள் வேறு வேலை பார்த்தார்கள். பானர்ஜி ரயில்வேயில் இருந்தார். தங்கராஜ் ராணுவத்தில் இருந்தார். வேலை சோறு போட்டது; பந்து பெயர் வாங்கித் தந்தது.

காலம் மாறிவிட்டது. அமெரிக்காவில் பெரிய 'லீக்' பந்தயத்துக்குக் கீழே, இரண்டாம் படி, மூன்றாம் படி என்று சின்ன லீக்குகள் உண்டு. பக்கத்து நாடான மெக்சிகோவிலிருந்து வந்த இளைஞர்கள் அவற்றில் சம்பளத்துக்கு ஆடுகிறார்கள். உலகப் புகழ் கிடைக்காது. ஒப்பந்தம் முடிந்தால் வேறு ஊர் தேட வேண்டும். ஆனாலும் அது ஒரு தொழில்.

நம் நாட்டிலும் வழி பிறந்திருக்கிறது. காரைக்குடிப் பக்கம் கண்டனூரைச் சேர்ந்தவர் சிவசக்தி நாராயணன். 2022-ல் டூரண்டு கோப்பை இறுதி ஆட்டத்தில் பெங்களூருக் குழுவுக்காக ஒரு கோல் போட்டார். கோப்பையும் கிடைத்தது. கண்டனூர் பெரிய பட்டணம் அல்ல!

அதற்காகப் பள்ளிக்கூடப் பையைத் தூக்கி எறிய வேண்டாம். பந்து ஆடும் எல்லோருக்கும் லீக்கில் இடம் இருக்காது. காலில் ஒரு அடி பட்டால் ஆட்டம் நின்றுவிடும். படிப்பு நிற்காது. புத்தகம் ஒரு கையில் இருக்கட்டும். பந்து காலில் இருக்கட்டும்.

சாயங்காலம் ஒரு மணி நேரம் பையன் மணலில் ஓடினால், அவனைத் திட்டாதீர்கள். பெண் பிள்ளை ஓடினாலும் தடுக்காதீர்கள்.

சைமனுக்கு அடுத்த கோல் இன்னும் பாக்கி இருக்கிறது. அதைப் போடப்போகிற கால் எந்த ஊரில் இருக்கிறதோ, யார் கண்டார்?