இடுப்பில் ஒரு டெபாசிட்!

பைக்கிலிருந்து விழுந்தால் எலும்பு முறியும், மாவுக்கட்டுப் போட்டால் கூடிவிடும். நமக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான். ஆனால் லாரி ஏறி, முழங்காலுக்குக் கீழே 5 செ.மீ. எலும்பே காணாமல் போய்விட்டால்? இரண்டு முனைகளும் ‘நீ வா, நீ வா’ என்று பார்த்துக்கொண்டே இருக்கும். சேராது. நடுவில் எதையாவது வைத்தாக வேண்டும்.

1668-ல் ஹாலந்தில் வெளிவந்த ஒரு வைத்தியப் புத்தகத்தில், ரஷ்யாக்காரர் ஒருவரின் மண்டை ஓட்டையை நாய் மண்டையோட்டால் அடைத்த கதை இருக்கிறது. காயம் ஆறிவிட்டது, சர்ச்சில்தான் ஆளைத் தள்ளி வைத்துவிட்டார்களாம்!

இன்றைக்கும் டாக்டர்களின் முதல் சாய்ஸ் நம்ம இடுப்பெலும்புதான். அதில் உயிருள்ள செல் இருக்கிறது, புது எலும்பு ஏறிவரச் சாரம் இருக்கிறது, ‘வளருடா’ என்று விரட்டும் புரதமும் இருக்கிறது. பி.காம். பாஷையில் சொன்னால், சொந்த முதல். ஆனால் கையிருப்பு கம்மி. தவிர, காலுக்கு வைத்தியம் பார்க்கப்போய் இடுப்பும் சேர்ந்து வலிக்கும்.

இறந்தவர்கள் தானம் செய்த எலும்பு, எலும்பு வங்கியில் கிடைக்கும். (பாஸ்புக் கிடையாது.) பெரிய துண்டாகவே வாங்கலாம். ஆனால் கிருமி போகச் சுத்தம் செய்வதில் செல்லெல்லாம் போய்விடும். மிச்சம் வெறும் சாரம். செயற்கைச் சரக்கான கால்சியம் பாஸ்பேட், பவளத்திலிருந்து செய்வது எல்லாம் சின்னப் பள்ளத்துக்கு ஓகே. பெரிய இடைவெளியைத் தனியாகச் சமாளிக்காது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை 1892-லேயே அடைத்துப் பார்த்தார்கள். எலும்பு வளருமுன்னே அது கரைந்து போய்விடுகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பிரெஞ்சு சர்ஜன் மாஸ்க்லே 1980-களில் கண்டுபிடித்த வழி. முதலில் இடைவெளியில் எலும்பு சிமெண்டை வைத்துத் தைத்துவிடுவார்கள். (வீடு கட்டுகிற சிமெண்ட் இல்லை சார்!) ‘யாருடா இது?’ என்று உடம்பு அதைச் சுற்றி ஒரு சவ்வு போர்த்தும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் சவ்வெல்லாம் ரத்தக்குழாய். அப்புறம் திறந்து, சிமெண்டை எடுத்துவிட்டு, அந்தப் பையில் இடுப்பெலும்புத் தூளை நிரப்புவார்கள். சரக்கு அதே பழைய சரக்குதான். ரத்த சப்ளைதான் புதுசு.

சைபீரியாவின் குர்கான் நகரத்து இலிசரோவ் வழியில் எதையும் நிரப்புவதே இல்லை. எலும்பை வேறிடத்தில் வெட்டி, வெளியே வளையம் மாட்டி, தினம் 1 மி.மீ. நகர்த்துவார்கள். பின்னாலேயே புது எலும்பு உருவாகிவரும். 5 செ.மீ. நகர 50 நாள். அது கெட்டிப்பட இன்னும் பல மாதம். லீவ் லெட்டர் எழுதியே கை ஓய்ந்துவிடும்.

எந்த வழியானாலும் ரத்தம் ஓடினால்தான் எலும்பு. அந்த ரத்தக்குழாயைச் சுருக்குவது நிகோடின். அதனால்தான் ஆபரேஷன் தேதி குறிக்குமுன்பே சர்ஜன் கேட்கிறார்: “தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?” உண்மையான நம்பரைச் சொல்லுங்க சார்... பக்கத்தில் அப்பா நின்றாலும்!